உட்கார்ந்தால் மட்டும் சரி சொல்லும் கடிகாரம்

சென்ற இதழில் ஸ்மார்ட் வாட்ச்சுக்கு ஒரு துதிப்பாடல் வந்திருந்தது. எழுதியவர் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர். குரோம்பேட்டையில் ஏதோ ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது தலைமாட்டு மானிட்டர் 74 என்றதாம். கையில் கட்டியிருந்த வாட்ச்சும் 74 என்றதாம். போதாதா? ஸ்டான்ஃபோர்டை இழுத்தார், ஆப்பிளை இழுத்தார், சந்தேகப்படும் மருத்துவர்களை எல்லாம் ஈசிஜி வியாபாரிகள் என்றார். கடைசியில், நம் பகுதி நடைப்பயிற்சிக் குழுக்கள் ஆண்டுதோறும் நடத்தும் இதயப் பரிசோதனை முகாமை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் மூத்தவர்களுக்கு மொத்த விலையில் வாட்ச் வாங்கித் தரலாம் என்று யோசனையும் சொல்லிவிட்டார். வாட்ச் சிவப்பு காட்டாதவரை நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் இலவச இணைப்பாகக் கொடுத்த தைரியம்.

வெறும் பொருள் மோகம் என்றால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். இந்தக் கடைசி இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை. ஈசிஜி, டிஎம்டி (ட்ரெட்மில் சோதனை) அறைகளில் நெஞ்சில் எலெக்ட்ரோடு ஒட்டியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். வியாபாரிகள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஓய்வு பெற்றாயிற்று, கமிஷன் எதுவும் வராது.

முதலில் அந்த 74. அசையாமல் படுத்திருக்கும் மனிதனின் பல்ஸை ஒரு நல்ல வாட்ச் ஏறக்குறையச் சரியாகவே சொல்லும். இதை எந்த டெக்னீஷியனும் மறுக்கமாட்டான். ஆனால் கட்டுரையாளர் வாட்ச் வாங்கியது படுத்துக்கொள்வதற்காக அல்லவே! நடக்கும்போது, ஓடும்போது, படி ஏறி மூச்சு வாங்கும்போது இதயம் என்ன செய்கிறது என்று பார்க்கத்தானே? படுக்கையில் பொருந்தியது என்பதால் ஏரிக்கரையிலும் பொருந்தும் என்பது, வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு இந்தக் குடை ஒழுகாது என்று சான்றிதழ் கொடுப்பதுதான்.

ஏன் பொருந்தாது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும் என்பதால் இருக்கலாம். வாட்ச்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடித்ததும் மணிக்கட்டின் சிறு நாளங்களில் ரத்தம் சற்றுக் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி அந்த அளவுக்குக் குறைகிறது. அடுத்த துடிப்புவரை மறுபடி ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் எண்ணைச் சொல்கிறது. 1930களிலேயே ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியலாளர் செய்து காட்டிய வித்தை இது. ஆக, வாட்ச் இதயத்தைப் பார்ப்பதே இல்லை. இதயம் தள்ளிவிட்ட ரத்தம் தோலடியில் எழுப்பும் மிகச் சின்ன அலையைப் பார்க்கிறது.

கையை வீசி நடக்கும்போது அந்தச் சின்ன அலைக்கு என்ன ஆகும்? கை முன்னும் பின்னும் போகப்போக ரத்தமே அலம்புகிறது. வியர்வையில் ஸ்ட்ராப் வழுக்குகிறது. வாட்ச்சுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்து வெளி வெளிச்சம் புகுகிறது. தசைநார் இழுபடுகிறது. இதயம் எழுப்பிய அலையைவிடக் கைவீச்சு எழுப்பிய அலை பெரிதாகிவிடுகிறது. இந்தக் கூளத்திலிருந்து துடிப்பைப் பொறுக்கி எடுக்க, வாட்ச்சுக்குள் அசைவை அளக்கும் சென்சார் ஒன்றும் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றும் இருக்கின்றன. அசைவைக் கழித்துவிட்டால் மிச்சம் துடிப்பு என்பது ஏற்பாடு. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோமோ அதற்குப் பக்கத்திலேயே துடிப்பும் இருந்தால், எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியாது. பல நேரம் அடியைப் பிடித்துக்கொண்டு துடிப்பை விட்டுவிடும். மெல்லோட்டம் ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160 அடி வைப்பது சாதாரணம். வாட்ச் 160 காட்டியதும் இதயம் பொங்கி எழுந்ததாக அவர் மகிழ்வார். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டிருப்பது தன் காலை.

டிஎம்டி அறையில் இது தினசரிக் கூத்து. ட்ரெட்மில்லில் ப்ரூஸ் முறைப்படி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். இரண்டாம் கட்டம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் முன்னால் உள்ள கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த பிடியில் மணிக்கட்டு மடங்கும், வாட்ச்சின் அடிப்பகுதி தோலைவிட்டு எழும்பும். ஈசிஜி திரையில் ஒவ்வொரு துடிப்பும் முள் முள்ளாக ஓட, ஓரத்தில் 138 என்றிருக்கும். "சார், என் வாட்ச்ல 92தான் காட்டுது, உங்க மெஷின் தப்பா இருக்கும்போல" என்பார் மேலே நடந்துகொண்டிருக்கிறவர். பேசவே மூச்சில்லாமல்தான் இதைச் சொல்லுவார். மெஷினைச் சந்தேகப்பட்டார், நெஞ்சில் ஒட்டிய பத்து எலெக்ட்ரோடைச் சந்தேகப்பட்டார், தன் மூச்சிரைப்பையும் சந்தேகப்பட்டார். வாட்ச்சை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்தது ஸ்டான்ஃபோர்டு. 2017இல் வந்த அந்த ஆய்வில் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் மிதித்தபோது ஆறு கருவிகளின் இதயத்துடிப்புப் பிழை ஐந்து சதவீதத்துக்குள் இருந்தது. கட்டுரையாளர் இதை எடுத்துக்காட்டியது சரி. அதே ஆய்வின் சுருக்கத்தில், அதே பத்தியில், இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அந்த முழுப் பூசணிக்காயை அவர் எந்தச் சோற்றில் மறைத்தார் என்று தெரியவில்லை. யாருக்கெல்லாம், எப்போதெல்லாம் பிழை கூடுதலாக இருந்தது என்று அது சொல்கிறது: ஆண்களுக்கு, உடல் பருமன் கூடியவர்களுக்கு, கருத்த தோல் உள்ளவர்களுக்கு, நடக்கும்போது. காலை ஐந்தரைக்குச் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் ஏரிக்கரைக்கு வருகிற கூட்டத்தைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஆண், தொப்பை, கருத்த மேனி, நடை. கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர் வாக்கிங் கோஷ்டியை விவரித்ததுபோலவே இருக்கிறது. சைக்கிள் மிதித்தபோது 1.8 சதவீதமாக இருந்த பிழை, நடந்தபோது 5.5 ஆனது. கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93. இட்லி இரண்டா நான்கா என்று வாட்ச்சைக் கேட்டு முடிவு செய்கிறவர்களுக்காக இந்த எண்களையும் சொல்லிவைக்கிறேன்.

தோல் நிறம் பற்றி ஒரு நேர்மையான குறிப்பு. 2020இல் டியூக் பல்கலைக்கழகம் 53 பேரை வைத்துச் செய்த சோதனையில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எனவே அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே டியூக் ஆய்வில், உடல் அசையும்போது பிழை ஓய்வில் இருந்ததைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. அசைவு வழக்கில் எல்லாச் சாட்சிகளும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள். க்ளீவ்லாண்ட் க்ளினிக் 50 பேரை ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்த்ததும் இதைத்தான் சொன்னது: ஈசிஜியோடு மார்புப் பட்டையின் ஒப்புமை 0.99, மணிக்கட்டுக் கருவிகளில் நல்லவை 0.91, மற்றவை 0.83, 0.84. வேகம் கூடக்கூட மணிக்கட்டு பின்தங்கியது. மார்புப் பட்டை ஏன் ஜெயிக்கிறது என்றால், அது ஒளியை நம்பி இல்லை. ஈசிஜியைப்போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. (2016இல் அமெரிக்காவில் ஃபிட்பிட் மீது தொடரப்பட்ட வழக்கில், கடும் பயிற்சியின்போது 20 துடிப்புவரை வித்தியாசம் என்று 43 பேரை வைத்து ஓர் ஆய்வு காட்டப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் வழக்குத் தொடுத்தவர்களின் வக்கீல்கள். அதை நான் சாட்சிக்கூண்டில் ஏற்றவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.)

சதவீதப் பிழை என்பதே ஒரு மறைப்புத் திரை. பத்து நிமிட நடையில் ஒன்பது நிமிடம் சரியாகவும் ஒரு நிமிடம் 40 துடிப்பு தவறாகவும் சொன்னால், மொத்தப் பிழை மிகச் சிறியதாகத் தெரியும். அந்த ஒரு நிமிடம் பெரும்பாலும் எது? ரயில்வே மேம்பாலத்தின் படி ஏறிய நிமிடம். துடிப்பு சட்டென்று ஏறும்போது வாட்ச் பின்னால் ஓடி வந்து பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. பார்க்கவேண்டிய ஒரே தருணத்தில் அது வேறெங்கோ பார்க்கிறது.

ஆப்பிள் ஆய்வுக்கு வருவோம். நாலு லட்சம் பேர் என்ற எண்ணைக் காட்டி மிரட்டியிருக்கிறார். 2019இல் வெளியான அந்த ஆய்வில் 4,19,297 பேர் இருந்தது உண்மை. ஆனால் அது துடிப்பின் எண்ணிக்கை சரியா என்று பார்த்த ஆய்வே அல்ல. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளம் தப்பிய துடிப்பை வாட்ச் மோப்பம் பிடிக்குமா என்று பார்த்தது, அதுவும் கை அசையாமல் இருந்த நேரங்களில். எச்சரிக்கை வந்தவர்கள் 2,161 பேர், அதாவது 0.52 சதவீதம். அவர்களுக்கு ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? வாட்ச் சொல்லிவிட்டது, முடிந்தது கதை என்று மாத்திரையா எழுதிக் கொடுத்தார்கள்? நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டை அனுப்பினார்கள். ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு அந்தத் தாளக்கேடு பதிவானது. வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கெல்லாம் வாட்ச் பொய் சொன்னது என்று ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்தை வாட்ச் கிளப்பலாம், தீர்ப்பை ஈசிஜி எழுதவேண்டும். நாலு லட்சம் பேரின் ஆய்வு இப்படித்தான் நடந்தது. இதைக் காட்டி ஈசிஜி முகாமை நிறுத்தச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அதோடு இந்த ஆய்வுகளில் கட்டியவை பெரிய நிறுவனங்களின் கருவிகள். கட்டுரையாளர் மொத்த விலையில் வாங்கச் சொல்வது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாட்ச். எல்லாவற்றிலும் அதே பச்சை விளக்குதானே என்கிறார். எல்லா வீட்டிலும் அதே அரிசிதானே என்று சமையலைப் பற்றிச் சொல்வாரா? விளக்கு ஐம்பது ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும். கூளத்திலிருந்து துடிப்பைப் பிரிக்கும் கணக்கில்தான் வேலையே. 2019இல் சீனாவில் கழிப்பறைக் காகிதச் சுருளைச் சுற்றி ஃபிட்னெஸ் பட்டை கட்டிப் பார்த்தார்கள். சுருளுக்கும் இதயம் துடித்தது! ஒளி திரும்பி வந்தால் போதும், அதில் ஒரு தாளத்தைக் கண்டுபிடித்துக் காட்டிவிடும். இங்கேயே சோதிக்க வேண்டுமா? மலிவு வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம்வரை ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். குழிகளின் புண்ணியத்தில் நடக்காத அடிகளும் கணக்கில் ஏறியிருக்கும். நடந்தோமா வண்டியில் போனோமா என்றே தெரியாத சாமானை நம்பியா நெஞ்சை ஒப்படைப்பது?

மருத்துவர்கள் வருமானத்துக்காக வாட்ச்சைக் குறைசொல்கிறார்கள் என்பது அவர் வீசிய சேறு. வாட்ச்சைக் குறைசொல்பவர்களில் முதல் ஆள் வாட்ச் நிறுவனமேதான். எத்தனை நல்ல நிலையிலும் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் நம்பகமான அளவீடு கிடைக்காமல் போகலாம், டென்னிஸ் போன்ற ஒழுங்கற்ற அசைவுகளில் சரியாக வராது, பச்சை குத்திய தோலில் தடுமாறும், தொடர்ந்து சரியான அளவு கிடைக்காவிட்டால் மார்புப் பட்டையை இணைத்துக்கொள்ளுங்கள் — இவ்வளவையும் ஆப்பிள் தன் உதவிக்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. தங்கள் ஈசிஜி வசதி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்றும் சொல்லியிருக்கிறது. விற்கிறவனே தயங்கும் இடத்தில் வாங்கியவர் சத்தியம் செய்கிறார்.

இனி அந்தச் சிவப்புக் கோடு. அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்துவரும் எண்ணின் சதவீதங்களிலிருந்து. 1971இல் ஃபாக்ஸும் சகாக்களும் வெளியிட்ட தோராயம் அது. 2001இல் தனாகா குழுவினர் வேறொரு சூத்திரம் கொடுத்தார்கள்: 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். கட்டுரையாளர் தன் வயது 65 என்று எழுதியிருக்கிறார். பழைய கணக்கில் அவருடைய உச்சத் துடிப்பு 155, புதிய கணக்கில் 162 சொச்சம். எந்தச் சூத்திரமானாலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு ஏறி இறங்குவது சர்வ சாதாரணம். அளவீடும் தோராயம், அதை வைத்து வண்ணம் தீட்டும் கோடும் தோராயம். போதாக்குறைக்கு, பிபிக்கும் நெஞ்சுவலிக்கும் மெட்டோப்ரோலாலோ அட்டினோலாலோ சாப்பிடுகிறவர்கள் நம் நடைப்பயிற்சிக் குழுக்களில் கொஞ்சநஞ்சமா? அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான். மூச்சுமுட்ட நடந்தாலும் அவர்களுக்குச் சிவப்பு வராது.

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. துடிப்பின் எண்ணிக்கை ஒழுங்காக இருந்தால் இதயம் ஒழுங்காக இருக்கிறது என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்? அடைப்புள்ள ரத்தக்குழாயோடு 72இல் அமைதியாகத் துடிக்கும் இதயங்களை எத்தனையோ ஈசிஜி காகிதச் சுருளில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பில் துடிப்பு ஏறுவதற்குப் பதில் 50க்கும் கீழே இறங்குவது உண்டு. அப்போது வாட்ச்சில் நீலமோ பச்சையோ இருக்கும். ஆள் வேர்த்து ஊற்றிக்கொண்டு, இது வாயுத் தொல்லை, வாட்ச் பச்சைதானே காட்டுகிறது என்று ஒரு சோடா குடித்துவிட்டுப் படுப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. சிலருக்கு ஒவ்வொரு ஒழுங்கான துடிப்புக்குப் பின்னும் முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வரும். ரத்தம் நிரம்புவதற்குள் இதயம் சுருங்கிவிடுவதால் அந்தத் துடிப்பின் அலை மணிக்கட்டுவரை வந்து சேராது. ஈசிஜியில் 80 இருக்கும். வாட்ச் 40 என்று அலறும். வீடே கலங்கிப் பேஸ்மேக்கர்வரை பேசிவிடுவார்கள். விரல் வைத்து எண்ணினாலும் 40தான் வரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் ஈசிஜி. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறவர்கள்கூட வெறும் எண்ணைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவதில்லை, நாடியின் நடையைக் கவனிக்கிறார்கள். எண் மட்டும் போதும் என்ற ஞானம் வாட்ச் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

2023 ஜூனில் தமிழக அரசு இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு. பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரையில்கூடக் காலம் தாழ்த்தக்கூடாது என்பதற்காக வந்தது அது. நிமிடக் கணக்கில் இதயத்தசை செத்துக்கொண்டிருக்கும்போது, சிவப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அச்சில் யோசனை சொல்கிறார் நம்மவர். நெஞ்சை அழுத்தினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ இறங்கினால், காரணமில்லாமல் வியர்த்தால் 108ஐ அழைக்கவேண்டும். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் வேலை அப்போது இல்லை.

வாட்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் ஓய்வில் இருக்கும் துடிப்பு மாதக்கணக்கில் எப்படி மாறுகிறது என்று பார்க்க அது உதவும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, வழுக்காத இறுக்கத்தில் கட்டினால் இன்னும் கொஞ்சம் உண்மை பேசும். நடையின் நடுவில் அது சொல்வது சரியா என்று தெரிய வேண்டுமானால் செலவில்லாத வழி இருக்கிறது. வேகமாக நடந்து சட்டென்று நின்று, கட்டைவிரலுக்கு நேர்கீழே இரண்டு விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டாம். நின்றதும் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். கட்டுரையாளர் விரும்பினால் ஏரிக்கரைக்கே நான் வருகிறேன், மார்புப் பட்டையும் கொண்டு வருகிறேன். வாட்ச், விரல், பட்டை மூன்றும் சொல்வதை ஒரே நேரத்தில் எழுதிவைப்போம், அதை அவரே அடுத்த இதழில் வெளியிடட்டும்.

முகாம் விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. அங்கே பிபி பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், பன்னிரண்டு லீட் ஈசிஜி எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மருத்துவர் எதிரே உட்கார்ந்து, மேடு ஏறும்போது நெஞ்சை அடைக்கிறதா, நின்றால் சரியாகிறதா, அப்பாவுக்கு எந்த வயதில் நெஞ்சுவலி வந்தது என்று கேட்கிறார். இந்த மூன்று கேள்வியைக் கேட்கத் தெரிந்த வாட்ச் இன்னும் சந்தைக்கு வரவில்லை. வாட்ச் ஆசை உள்ளவர்கள் தங்கள் காசில் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். முகாம் பணத்தில் கை வைக்க வேண்டாம் என்று குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 65 வயது, தினமும் வேகநடை, கடைசியாக ஈசிஜி எடுத்தது எப்போதென்று நினைவில்லை என்று கட்டுரையாளரே எழுதியிருக்கிறார். அதனால் இந்த ஆண்டு முகாமில் முதல் டோக்கனை அவர் பெயரில் போடச் சொல்லியிருக்கிறேன்.